பைத்தானை வளர்ப்பவர்களுக்கு: நீக்கும் முன் எங்கள் காதில் போடுங்கள்

பைத்தான் என்ற கணினி மொழியை வளர்த்துவரும் குழுவினருக்கு வணக்கம்.

பைத்தானின் 3.13 பதிப்புக்கு மாறிய அன்று ராத்திரியே எங்கள் படப் பதிவேற்ற ஸ்கிரிப்ட் நின்றுபோனது. வருடக்கணக்காகத் தொந்தரவே தராமல் ஓடியது அது. லாகைத் திறந்தால், பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்த ஐஎம்ஜிஹெச்டிஆர் என்ற மாட்யூல் (தயார் நிரல் துண்டு) இல்லை என்று எரர். எங்கள் கோடில் தேடினேன், அந்தப் பெயரே இல்லை. கடைசியில், நாங்கள் நம்பியிருந்த, வேறொருவர் எழுதிய ஒரு சின்ன லைப்ரரிக்குள் கிடைத்தது. வந்த ஃபைல் ஜேபெக்கா, பிஎன்ஜியா என்று பார்க்கும் இடத்தில், ஒரே ஒரு இம்போர்ட் வரி. அதைப் பிடிக்கும்போது விடிகாலை மூன்று மணி.

பழைய மாட்யூல்களை நீக்க நீங்கள் எடுத்த முடிவான பெப் 594 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 3.13-இல் ஐஎம்ஜிஹெச்டிஆர் உட்பட 19 மாட்யூல்களை எடுத்ததில் எனக்கு மறுப்பும் இல்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத கோடை எத்தனை நாள் சுமப்பீர்கள்? 3.11-இலும் 3.12-இலும் எச்சரித்தீர்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த எச்சரிக்கை எங்களுக்கு வந்து சேரவே இல்லை. நாம் நேரடியாக ஓட்டும் ஃபைலில் எழுந்தால்தான், 'இது நீக்கப்படும்' என்று சொல்லும் டெப்ரிகேஷன் வார்னிங் திரைக்கு வரும். லைப்ரரிக்குள் எழுந்தால் சத்தமில்லாமல் அமுங்கிவிடும். அத்தனை ராத்திரியும் எங்கள் சர்வரில் அது எழுந்து எழுந்து அமுங்கியிருக்கிறது. இதை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

புரோகிராமைப் பயன்படுத்துபவரைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் மறைத்தீர்கள். சரி, நியாயம். ஆனால் 'என்றோ ஒருநாள் போகும்' என்பதும் 'அடுத்த ரிலீஸில் இருக்காது' என்பதும் ஒன்றா? நீக்குவதற்கு முந்தைய ரிலீஸிலாவது அந்த எச்சரிக்கையை ஃபியூச்சர் வார்னிங் என்ற வகைக்கு மாற்றுங்கள். அது எங்கிருந்து எழுந்தாலும் கண்ணில் படும். நான் கேட்பது இவ்வளவுதான்.

உங்களால் முடியாததும் இல்லை. ஒரு நீளமான வரியில் எந்த இடத்தில் தப்பு என்று 3.11 அடிக்கோடிட்டுக் காட்டியபோது எத்தனை மணி நேரம் மிச்சமானது! பைத்தானிலேயே இருக்கும் ராண்டம் மாட்யூலின் பெயரை நம் ஃபைலுக்கும் வைத்து மாட்டிக்கொண்டால், பெயரை மாற்றிப் பார் என்று 3.13 பக்குவமாகச் சொல்கிறது. அந்த அக்கறை இந்த இடத்தில் மட்டும் ஏன் இல்லை?

ஒவ்வொரு அக்டோபரிலும் புது ரிலீஸ் வருகிறது. வேகம், வரி வரியாக எழுதிப் பார்க்கும் புது ஷெல், ஓடும்போதே கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிட் என்று எல்லோரும் பேசுகிறோம். 'நீக்கப்பட்டவை' என்ற பகுதிவரை எத்தனை பேர் படிக்கிறார்கள்? சின்னச் சின்ன லைப்ரரிகளைச் சம்பளமில்லாமல் தனி ஆளாகக் காப்பாற்றுகிறவருக்கு அதற்கு நேரம் ஏது? அவர் தவறவிட்டால் அடி விழுவது அவருக்கும் எங்களுக்கும்தான்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மொழியில்தான் என் பிழைப்பு, என் பிரியமும்கூட. அடுத்து நீக்கவிருக்கும் மாட்யூலிலிருந்தே, எச்சரிக்கையை எங்கள் கண்ணில் படும்படி காட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
தினமும் பைத்தானில் எழுதும் ஒருவர்