ஆற்றைத் தள்ளவிட்டுக் கரை சேர்வது

கட்டுகஸ்தோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முதல் இரண்டு பக்கமும் மருமகனைப் பற்றிய புலம்பல். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அவன் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று எழுதினால் நீ ஆறு மாதம் என்னோடு பேசமாட்டாய்.

கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முகத்துவார மணலை வெட்டிய மறுநாள் வாவித் தண்ணீர் கடலைப் பார்த்து ஓட, உன் வள்ளம் துறையைத் தாண்டிப் போய் அடுத்த வள்ளத்தில் இடித்துப் பலகை பிளந்துவிட்டது. இத்தனை வருடம் வாவியில் ஓடிய எனக்கே இப்படியா என்று கேட்டிருக்கிறாய். உனக்கேதான் மச்சான். நின்ற தண்ணீரில் பழகியவனுக்குத்தான் அது நடக்கும். எனக்கும் நடந்தது, வெட்கத்தில் இதுவரை உனக்குச் சொல்லவில்லை.

நாம் இருவரும் தண்ணீர் பழகியது காசல்ரீயில். கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்த அணை. நமக்கு விவரம் தெரிந்தபோது அது நம் மலைக்குக் கீழே பிறவியிலிருந்தே கிடந்தது போலக் கிடந்தது. வாழைத்தண்டுத் தெப்பத்தில் போய் இருவரும் அடி வாங்கியது நினைவிருக்கிறதா? 1977 கலவரத்துக்குப் பிறகு நீங்கள் தோட்டத்து லயக் காம்பராவைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்குப் போனீர்கள். நான் அங்கேயே தங்கி, பிறகு என்ஜின் படகில் ஆள் ஏற்றி இறக்கினேன். அங்கே எதிரி காற்று ஒன்றுதான். ஆடி மாதக் காற்று படகைத் தள்ளும், அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வரவேண்டும். மற்றபடி துறைக்குப் பத்துப் பாகம், அதாவது பத்துக் கைவிரிப்புத் தூரம், இருக்கும்போதே நியூட்ரலில் போட்டு, வந்த வேகத்தில் மிதந்து வந்து, கடைசியில் ரிவர்ஸை ஒரு தட்டுத் தட்டினால் படகு பூனை போல வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் படகோட்டம் என்று நினைத்திருந்தேன்.

இங்கே விடுதிப் படகோட்டியாக வந்த முதல் வாரமே மகாவலி என் தலைக்கனத்தைக் கழற்றியது. இந்த இடம் பொல்கொல்லை அணைக்கட்டுக்கு மேலே இருக்கிறது. 1976இல் கட்டி முடித்த அந்தக் கட்டில் ஆற்றை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். அதனால் கோடையில் ஆறு குளம் மாதிரி நிற்கும். விடுதிக்கு வருகிறவர்கள் இதை ஏரி என்றே நினைக்கிறார்கள். தலவாக்கலை, நாவலப்பிட்டிப் பக்கம் நல்ல மழை பெய்து வான்கதவுகளும் திறந்துவிட்டால், தான் ஆறு என்பது அதற்கு நினைவு வந்துவிடும்.

அப்படி ஒரு நாள். படகில் ஆறு வெள்ளைக்காரர்கள். பேராதனைப் பக்கமிருந்து ஓட்டத்தோடு இறங்கி வந்தேன். காசல்ரீப் பழக்கத்தில் துறைக்கு முன்பே நியூட்ரல். துறை எங்களைப் பார்த்தபடியே கடந்து போனது. ரிவர்ஸ் போட்டேன், படகு குறுக்கே திரும்பி, அப்படியே போய் ஒரு மூங்கில் புதருக்குள் நுழைந்தது. ஒரு அம்மாவின் குடை ஆற்றோடு போய்விட்டது. புதரில் படுத்திருந்த கபரகொய்யா, பெரிய உடும்பு மாதிரி ஒன்று, எங்களைத் திட்டுவது போல மெதுவாக எழுந்து தண்ணீரில் இறங்கிப் போனது. அன்று விடுதிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள், ஆற்றில் மணல் அள்ளும் ஒரு சிங்களப் பெரியவர் வந்தார். நடந்ததை எதிர்க்கரையிலிருந்து பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். என் அரைகுறைச் சிங்களமும் அவருடைய கால்வாசித் தமிழும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டதால், பேச்சை விட்டுவிட்டுப் பாக்கு மட்டை ஒன்றை எடுத்து, நுனியில் நூல் கட்டி, ஓட்டத்தில் போட்டுப் பிடித்துக் காட்டினார். மட்டை ஆற்றை நேராகப் பார்த்து நின்றால் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டு நின்றது. விரலால் அதன் மூக்கைக் கரைப்பக்கம் துளி திருப்பினார். மட்டை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பக்கவாட்டில் நழுவிக் கரைக்கு வந்துவிட்டது. நான் மூன்று முறை செய்து பார்த்தேன். அறுபதை நெருங்குகிற ஆள் மட்டையோடு விளையாடுகிறான் என்று சமையல்காரப் பெண் சிரித்தாள்.

முறை இதுதான். ஓட்டத்தோடு வந்தால் துறையைத் தாண்டிப் போய், அகலமான இடத்தில் திரும்பி, படகின் மூக்கை, அந்த அணியத்தை, ஓட்டத்துக்கு எதிரே வை. கைப்பிடியைத் திருகி, ஆறு தள்ளும் அளவுக்கு மட்டும் என்ஜினைக் கொடு. கரையில் ஒரு கம்பத்தையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் சேர்த்துப் பார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று நின்றால் நீ நிற்கிறாய். வெளியே பார்ப்பவனுக்குப் படகு சும்மா நிற்பதாகத் தோன்றும், ஆனால் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, என்ஜின் உதைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் திருப்பினால் திரும்பும். ஓட்டத்தோடு வரும்போது இந்த வசதி கிடையாது. வேகத்தைக் குறைக்கக் குறைக்கப் படகு உன் சொல் கேட்காது, கரை மட்டும் பாய்ந்துகொண்டிருக்கும்.

இனி அணியத்தைத் துறைப்பக்கம் கொஞ்சம் சாய். கடிகாரத்தில் ஓட்டம் வரும் திசை 12 என்றால், 12க்கும் 1க்கும் நடுவே. அவ்வளவு போதும். படகு மேலேயும் பக்கத்திலும் ஒரே நேரத்தில் போகப் பார்க்கும்; மேலே போகிற பங்கை ஆறு தின்றுவிடும், பக்கவாட்டுப் பங்கு உனக்கு மிஞ்சும். என் மகள் கணக்குப் போட்டுத் தந்தாள். ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், அந்தச் சாய்வில் 8 மீட்டர் பக்கவாட்டில் வர அரை நிமிடம் ஆகும். அதற்கு என்ஜின் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். 1 மணி அளவுக்குச் சாய்த்தால் கால் நிமிடத்துக்குள் வந்து மோதுவாய். ஓட்டம் எவ்வளவு என்று அறிய ஒரு தேங்காய் மட்டையை எறிந்து, 10 மீட்டர் போவதற்குள் எத்தனை எண்ணுகிறாய் என்று பார்.

சாய்வு கூடினால் என்ன ஆகும் என்று கேட்பாய். லயத்துக் கதவை நினைத்துக்கொள். மலைக்காற்றில் விரல் அளவு திறந்து வைத்தால் கையால் பிடித்துக்கொள்ளலாம். ஒரு அளவு தாண்டினால் காற்று பிடுங்கிச் சுவரில் அறையும். அணியமும் அப்படித்தான். மீறிவிட்டால் இழுத்துத் திருப்பப் பார்க்காதே. படகை வெளியே எடுத்துப் போய் மறுபடி முதலிலிருந்து வா. நான் இன்றைக்கும் மழை நாளில் பத்துக்கு இரண்டு தடவை அப்படித்தான் செய்கிறேன், பயணிகள் அதை ஒரு சுற்று இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. கரையோரத்தில் ஓட்டம் தளர்ந்திருக்கும். நடு ஆற்றில் கொடுத்த என்ஜினை அங்கேயும் கொடுத்தால் படகு திடீரென்று மேலே பாயும். துறைக்கு ஒரு பாகம் இருக்கும்போதே கைப்பிடியைத் தளர்த்தி அணியத்தை நேராக்கிவிடு. மிச்சத்தைத் துறையில் கட்டிய டயர்கள் பார்த்துக்கொள்ளும். இந்த நேரத்தில்தான் ஏறியவர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து துறைப்பக்கம் சாய்வார்கள். உலகத்தில் எந்த நாட்டுக்காரனும் இதில் வேறுபடவில்லை. கட்டி முடிக்கும் வரை உட்காரச் சொல்லிக் கத்து.

கட்டும்போது முன்கயிறு முதலில். இதில் விளையாட்டு வேண்டாம். போன வருடம் உதவுகிறேன் என்று ஒருவர் குதித்து இறங்கிப் பின்கயிற்றை இறுகக் கட்டிவிட்டார். அணியம் வெளியே விரிந்து, படகு வட்டமடித்து, பின்பக்கம் ஓட்டத்தைப் பார்த்து நின்றது. என்ஜின் மாட்டியிருக்கும் தாழ்ந்த பலகைக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். முன்கயிறு கட்டியிருந்தால் ஆறே படகைத் துறையோடு ஒட்டி வைத்திருக்கும்.

புறப்படுவது இதன் மறுபக்கம். முன்கயிற்றை அவிழ்த்து, பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அணியத்தை ஒரு முழம் வெளியே தள்ளு. இடைவெளியில் புகுந்த தண்ணீர் மீதியைத் தள்ளித் தரும்.

உன் வாவிக்கு இதில் சில மாற்றங்கள் உண்டு. ஓட்டம் எந்தப் பக்கம் என்பதை வழக்கத்தை வைத்து முடிவு செய்யாதே. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் கடல் ஏறும்போது அது திரும்பலாம். மிதக்கும் ஆற்றுவாழைச் செடி எந்தப் பக்கம் போகிறது, கட்டிய தோணிகள் எந்தப் பக்கம் மூக்கை வைத்திருக்கின்றன என்று பார். காற்றும் ஓட்டமும் எதிர் எதிராக இருந்தால், என்ஜினைச் சற்று நேரம் விட்டுப் பார். படகை எது கொண்டு போகிறதோ அதற்கு முகம் கொடு. பாலத் தூண்களுக்கு மேற்பக்கம் நெருங்கி இந்த வித்தையைச் செய்யாதே. என்ஜின் நின்றால் நேரே தூணில்தான் போய்ச் சேருவாய். நங்கூரம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பாய்க்கு அடியில் அல்ல. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மண்முனையில் 2014இல் பாலம் வந்து பாதைப் படகு நின்றபோது, இனித் தண்ணீர்த் தொழிலே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இப்போது பலகை பிளந்ததற்கு இத்தனை வருத்தப்படுகிறாய். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் மழைக்கு முன்பே வானிலை சொல்கிறது. போன மாதம் காசல்ரீப் பக்கம் போனேன். நம் லயத்தில் கடைசி இரண்டு காம்பராவுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள், உங்களுடையது அதில் இல்லை. அந்தத் தண்ணீர் களனியாகிக் கொழும்புக்குப் போகிறது, இங்கே என் துறையைத் தாண்டுவது கிழக்குக் கடலுக்கு, உன் பக்கம் வருகிறது. அந்தக் குடை கிடைத்தால் எடுத்து வை.

சித்திரைக்கு வருவதாகச் சொன்னாய். மகியங்கனை வழி பஸ்ஸில் வந்தால் 18 வளைவில் தங்கச்சிக்குத் தலைசுற்றும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளச் சொல். கருவாடு கொண்டு வா. அதற்குள் பலகையைச் சரி செய்து, ஒரு நாள் மருமகனையும் வள்ளத்தில் ஏற்றிப் பார். முன்கயிற்றை அவனிடம் கொடு.

உன் பழைய பெஞ்சுக்காரன்