நாலாவது டிராக்

சென்னை

அன்புள்ள பாலு,

நலம். இங்கே வெயிலும் தண்ணி லாரியும் வழக்கம்போல. போன தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை, உன் பெண் கல்யாணத்துக்கும் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். நேரில் வந்து திட்டித் தீர்த்துக்கொள். இப்போது வேறு விஷயம். நம் கேசட் கிடைத்துவிட்டது!

மீசை வீடு மாறுகிறான். பரண்மேல் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். மேலே 1994 என்று உன் கோழிக்கிறுக்கல். ரிச்சி தெருவில் பழைய டெக்குக்கு பெல்ட் மாற்றிவந்து போட்டால், மாடு முனகுகிற மாதிரி ஏதோ வந்தது. டேப் போய்விட்டது என்றே நினைத்தேன். ராத்திரி தூக்கமில்லை. அப்புறம்தான் உறைத்தது: நாம் பதிவு செய்தது இரவல் வாங்கிய போர்ட்டாஸ்டூடியோவில், அந்த நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில். அது கேசட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும், நாலு டிராக்கையும் ஒரே திசையில் எழுதும். சாதா டெக்கில் ஏ பக்கம் போட்டால் முதல் இரண்டு டிராக், பாதி வேகத்தில். பி பக்கம் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னால்.

இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பி பக்கத்தைத் திருப்பி, வேகத்தை இரட்டித்தேன். டெக் ஓடும் வேகம் தடவைக்குத் தடவை மாறுவதால் இரண்டும் சேர்ந்து நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தன. கையால் நகர்த்தி நகர்த்தி, ஏழு உருப்படிக்கு 11 ராத்திரி.

நன்றாக இருக்கிறதடா பாலு! நம்முடையது என்பதற்காகச் சொல்லவில்லை. பர்மா பஜார் டிரம் மெஷினில் 16 கட்டத்தை 14 ஆக்கி, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு ஓட்டியிருக்கிறானே மீசை, அதன்மேல் எக்கோவோடு உன் மோர்சிங். அந்தக் கேசட் கம்பெனிக்காரர் "பாட்டு எங்கே? சினிமாவா, பக்தியா?" என்று கேட்டு இதைத் திருப்பிக் கொடுத்தபோது, குறை நம்மிடம்தான் என்று மூன்று பேரும் நம்பினோமே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பம்பாய் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை, பாட்டே இல்லாமல், டிஆர்-808 டிரம் மெஷின் தாளத்தோடு பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டும் விலை போகவில்லை. 2010-ல் மறுபடி வந்தபோதுதான் தேடித் தேடிக் கேட்டார்கள். அகமதாபாத் என்.ஐ.டி. என்ற வடிவமைப்புக் கல்லூரியில் 1969 முதல் 1972 வரை மூக் சிந்தசைசரில், அந்த மின்னணு இசைக்கருவியில், செய்தவை இசைத்தட்டாக வந்தது 2023-ல். நமக்கு ஒரு ஆள்கூட அப்போது அதையெல்லாம் சொல்லவில்லை.

மீசைக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. உன்னிடம் சொல்லாதே என்றான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலதும் குறைகிறது, மேல் ஸ்தாயிதான் முதலில் போகிறது. "ஹை-ஹாட் எங்கேடா, அழிச்சிட்டியா?" என்று கேட்டான். டிரம் மெஷினின் அந்த 'ட்ஸ் ட்ஸ்' மேல் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் இந்த வருஷமே நாமே இணையத்தில் வெளியிட்டுவிடலாம். அவனுக்குச் சம்மதம். நீயும் சரி என்று சொல்.

இன்னொன்று. ஐந்தாவது உருப்படி முடிவில், நாலாவது டிராக்கில், மோர்சிங் நின்ற பிறகும் மைக் திறந்தே இருந்திருக்கிறது. திருப்புவதற்கு முன் வெறும் உறுமல். திருப்பியதும் மாடிப்படி வழியாக உன் அம்மா: "காபி ஆறுதுடா, இறங்கி வாங்க." நீ "வரோம்மா" என்கிறாய். ஹெட்போனில் மீசைக்குப் போட்டேன். அது அவனுக்குக் கேட்டது.

நான் வெட்டவில்லை. வைப்பதா எடுப்பதா, நீ சொல். பென்டிரைவ் நேற்று கூரியரில் போயிருக்கிறது.

அன்புடன்,
சின்னவன்