பார்த்து வரைவது களவு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் கலண்டர் படமொன்றைப் பார்த்து வரைந்ததற்காக என் சித்திரக் கொப்பியில் சிவப்புக் கோடு விழுந்தது. சொந்தமாக வரை என்றார்கள். சொந்தமாக நாங்கள் எல்லோரும் வரைந்தது என்ன? இரண்டு மலை, நடுவில் சூரியன். வன்னியில் எங்கே ஐயா மலை? வாசலில் நின்றால் வயல், அதற்கு மேலே முழுக்க வானம், அதை வரைய ஒருவரும் சொல்லித்தரவில்லை.

போன மாரியில், நாற்பது வயது தாண்டிய பிறகு, டச்சு ஓவியர் வெர்மீர் 1660–61 அளவில் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சியைப் பார்த்து வரையத் தொடங்கினேன். அசல் நெதர்லாந்தில், ஹேக் நகரத்து மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாகவே இலவசமாக இறக்கலாம். பாதிக்கு மேல் வானம்தான், எங்கள் ஊர் மாதிரி.

முதல் கிழமை வானம் முழுக்கப் பிழைத்தது. குழாயிலிருந்த நீலத்தை அப்படியே பூசினேன், சுவருக்குப் பெயின்ற் அடித்த மாதிரி வந்தது. பிறகுதான் உற்றுப் பார்த்தேன்: மேல் விளிம்பில் கருமேகம், கீழே வர வர வெளிச்சம், வெள்ளை என்று நான் நினைத்த மேகத்துக்குள் சாம்பலும் கொஞ்சம் மண்ணிறமும். கட்டடங்களும் அப்படித்தான். முன்வரிசை நிழலில் கிடக்கிறது, பின்னால் தேவாலயக் கோபுரத்தில் மட்டும் வெயில் அடிக்கிறது, முன்னால் உள்ளதை இருட்டாக்காமல் அந்த வெயிலை எவ்வளவு மஞ்சள் போட்டும் கொண்டுவர முடியவில்லை. நிழலுக்குக் கறுப்புக் கலந்தேன், ஓட்டுக்கூரை செத்துப்போனது. சிவப்புக்குள் துளி பச்சை விட்டபோதுதான் சரி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் நின்றேன். கிட்ட இருந்த மரங்கள் மேக நிழலில், தூரத்துத் தண்ணீர் மட்டும் பளீரென்று. எத்தனையோ வருடம் பார்த்த இடம், அன்றைக்குத்தான் அதை வரையலாம் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

மேகத்துக்கே பேர்போன இங்கிலாந்து ஓவியர் கொன்ஸ்டபிளும், தனக்கு முந்திய டச்சு ஓவியர் ரைஸ்டாலின் நிலக்காட்சிகளைப் பார்த்து வரைந்து பழகியவர். அவர்தான் 1821, 1822இல் வெளியே நின்று மேகம் வரைந்து, பின்புறத்தில் நேரமும் காற்றின் திசையும் குறித்து வைத்தவர்.

சித்திர ஆசிரியர்களே, பிள்ளைகளைப் பார்த்து வரைய விடுங்கள், யாருடைய படம் என்று கீழே எழுதவும் பழக்குங்கள். ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: மாதம் ஒரு தடவையாவது சிறுவர் பக்கத்தில் இப்படியொரு நிலக்காட்சியை நிறத்தில், முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இணையம் இல்லை, பேப்பர் கடைக்குக் கடை வருகிறது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்