தொப்பியைப் பார்த்து ஓவியத்தின் வயதைச் சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், கைமணியோடு நிற்கும் இங்கிலாந்து ஊர் அறிவிப்பாளரின் எண்ணெய் ஓவியத்தை வெளியிட்டு, கீழே '18ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருந்தீர்கள். முக்கோணத் தொப்பியும் சரிகை வைத்த சிவப்புக் கோட்டும்தான் அப்படி எழுதவைத்திருக்கும். அது நகர மன்றம் கொடுத்த சீருடை. மற்ற ஆண்கள் உயரத் தொப்பிக்கு மாறிய பிறகும், விக்டோரியா காலத்தில் (1837–1901) பல ஊர்களில் அறிவிப்பாளருக்கு மட்டும் பாட்டன் காலத்துத் தையலே தொடர்ந்தது.

வயது தெரிய, ஓவியத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கித்தானின் பின்புறம் அதை விற்ற கடையின் முத்திரை பல சமயம் இருக்கும். 'வின்சர் அண்ட் நியூட்டன்' என்றிருந்தால் கித்தான் 1832க்கு முந்தையது அல்ல. அந்த நிறுவனம் தொடங்கியதே அந்த ஆண்டுதான். முத்திரையில் உள்ள முகவரியை வைத்து இன்னும் நெருங்கலாம். வலுவுக்காகப் பின்னால் வேறு துணி ஒட்டியிருந்தால் முத்திரை மறைந்திருக்கும். அப்போது, பூச்சில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் சரிகையின் மஞ்சளைச் சோதிக்கலாம். அசல் பூச்சில் குரோமியம் இருந்தால் 18ஆம் நூற்றாண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தனிமமே 1797இல்தான் கண்டறியப்பட்டது. டைட்டானியம் வெள்ளை தென்பட்டால் உடனே போலி என்று முடிவுகட்டக் கூடாது. அது 1920 வாக்கில் புழக்கத்துக்கு வந்த வண்ணம். உருப்பெருக்கியில் பாருங்கள்: பழைய விரிசலுக்குள் இறங்கி நிரம்பியிருந்தால், பின்னாளில் யாரோ செய்த ஒட்டுவேலை.

மணிக்குப் பின்னாலுள்ள இருட்டில் முதலைத் தோல் போன்ற அகன்ற வெடிப்புகள் அச்சிலேயே தெரிகின்றன. நிழலுக்குத் தார்ப்பழுப்பு (தார் கலந்த பழுப்பு வண்ணம்) பூசியதன் விளைவாகவே இருக்க வேண்டும். அது முழுதாக உலராது. மேலே பூசிய அடுக்கு உலர்ந்து சுருங்க, அடியில் இருப்பது வழுக்கி நகரும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் காலத்திலேயே இந்தப் பழக்கம் உண்டு என்பதால், காலக் கணிப்புக்கு இது மட்டும் போதாது.

எங்களைக் கவலைப்படுத்துவது அதே பக்கத்தில் வந்த இன்னொரு குறிப்பு: பழைய ஓவியத்தை உருளைக்கிழங்குத் துண்டால் துடைக்கலாமாம். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஈரம் விரிசல் வழியாக அடிப்பூச்சுக்கு இறங்கினால் வண்ணம் செதிலாக உரியும். தங்கிவிடும் மாவில் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கால ஓவியர்கள் பலர் எண்ணெயோடு மாஸ்டிக் என்ற மரப்பிசின் வார்னிஷைக் கலந்தே தீட்டினார்கள். ஆகவே பழுத்த மேல்வார்னிஷைக் கரைக்கும் அதே திரவம் கோட்டின் சிவப்பையும் கரைத்துவிடும். ஓவியத்தின் மரச்சட்டம் மறைக்கும் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் இடத்தில், குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து, தேய்க்காமல் உருட்டிப் பார்ப்பார்கள் சீரமைப்பாளர்கள். பழுப்பு வந்தால் அழுக்கோ வார்னிஷோ. சிவப்பு வந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவதோடு நிற்கட்டும், அதுவும் வண்ணம் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்காவிட்டால் மட்டும்.

அடுத்த இணைப்பில் இந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டுகிறோம். ஓவியத்தின் அளவையும் பின்புறப் படத்தையும் சேர்த்து வெளியிட்டால், காலத்தைக் கணிக்க எங்களால் இயன்றதைச் செய்கிறோம்.

இப்படிக்கு,
ஓவியச் சீரமைப்புப் பணியாளர்கள் இருவர்,
சென்னை