சிக்னல் கிடைக்காத நாட்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை–உசிலம்பட்டி சாலையில் செக்கானூரணிக்கு வடக்கே, நாகமலையை ஒட்டிய சிற்றூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். கைப்பேசிச் சேவைக்கு ஓராண்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட்டு, வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மாதக்கணக்கில் அல்லாடும் எங்களைப் போன்றோருக்குச் சட்டம் எதுவரை துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கடந்த ஆடி மாதம், என் எண்ணுக்கும் என் மனைவியின் எண்ணுக்குமாக ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் செலுத்தி, 365 நாட்களுக்கான ப்ரீபெய்டு ரீசார்ஜ் செய்தேன். அப்போது கூடத்தில் உட்கார்ந்தபடியே பேச முடிந்தது. ஆவணியில் தொடங்கிய கோளாறு இன்றுவரை தீரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், டவர் எடுப்பதில்லை. மொட்டை மாடியின் தென்கிழக்கு மூலைக்குப் போனால்தான் அழைப்பு இணைகிறது. எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர் கேட்கும் குறியீட்டு எண்ணும், வங்கி அனுப்பும் ஓடிபியும் காலாவதியான பிறகே வந்து சேருகின்றன. முழங்கால் வலியுள்ள என் மனைவி, வெளியூரில் இருக்கும் மகளிடம் பேசுவதற்காக நாள்தோறும் பதினெட்டுப் படிகள் ஏறி இறங்குகிறார். புரட்டாசியில் ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது 108 ஆம்புலன்சை அழைக்க, அவருடைய பேரன் கைப்பேசியோடு தெருமுனை வரை ஓட வேண்டியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், அந்த ஓட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மலை இருப்பதால்தான் சிக்னல் இல்லை என்று வாடிக்கையாளர் சேவை மையத்தில் விளக்கம் சொன்னார்கள். பாறை மறைக்கும் என்பதும், 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை எட்டும் தொலைவுக்கும் அது ஊடுருவும் சுவருக்கும் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஈடுகொடுக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆடி மாதத்திலும் நாகமலை இதே இடத்தில்தான் இருந்தது. மேலும், எங்கள் ஊர் முழுவதும் 4ஜி கிடைப்பதாகவே அந்நிறுவனத்தின் வரைபடம் இன்றும் காட்டுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத்தர விதிகளின்படி, எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் வரைபடமாகத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரீசார்ஜ் செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் எடுத்து வைக்கவில்லை, பிந்தி எடுத்தேன்.

புகார் செய்த இரண்டாம் நாளே, 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்தது. அதையும் மொட்டை மாடியில் நின்றுதான் படித்தேன். பெரும்பாலோர் இந்தக் கட்டத்திலேயே மனம் சலித்து விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாது. டிராய் 2012-இல் வகுத்த குறைதீர்ப்பு விதிகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் ஒரு பதிவு எண் தர வேண்டும். தீர்வில் நிறைவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்த முறையீட்டை 39 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். புகாரின் பதிவு எண் இல்லாவிட்டால் எதுவும் நகராது என்பதால், தொலைபேசியில் பேசும் ஊழியர் அதைச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

சிக்னல் சரியில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் அந்த உரிமை இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீடு பெற்றால், எண் மாறாமலேயே மாறிவிடலாம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அப்படி மாறும் ப்ரீபெய்டு வாடிக்கையாளரின் மீதித் தொகையும் மீதி நாட்களும் பழைய நிறுவனத்தோடே போய்விடுகின்றன. மாதந்தோறும் ரீசார்ஜ் செய்பவருக்குச் சில நாட்கள் இழப்பு. ஆண்டுக்கட்டணம் செலுத்தியவருக்கு மாதக்கணக்கில் இழப்பு. வழங்கப்படாத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு என்ன உரிமை இருக்கிறது? ஊருக்குத் தண்ணீர் வண்டி வராத மாதத்துக்கு எவரும் தண்ணீர்க் காசு கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை எழுப்பக்கூடிய இடம் நுகர்வோர் குறைதீர் ஆணையம். தொலைபேசி வழக்குகளை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று இன்னும் பலர், சில வழக்கறிஞர்கள்கூட, நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி, இத்தகைய வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரா என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் 2022 பிப்ரவரி 16-இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில், நுகர்வோர் ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 'சேவை' என்பதற்கான விளக்கத்திலேயே தொலைத்தொடர்பைச் சேர்த்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குத் தொடரலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுக்கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வழக்குக்கு முன்னதாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

இருந்தாலும், ஏழாயிரம் ரூபாய்க்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாய்தா வாய்தாவாக அலைவது தீர்வாகாது. விதியிலேயே இதற்கு இடம் வேண்டும். ஒரு மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு அந்த நாட்களின் வாடகையைக் கழிக்க வேண்டும், ப்ரீபெய்டு வாடிக்கையாளருக்கு நாட்களை நீட்டித்துத் தர வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. வழங்காத சேவைக்குக் கட்டணம் இல்லை என்ற கொள்கையை டிராய் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள். மாவட்டத்துக்குப் பொருந்துவது ஒரு சிற்றூருக்கு ஏன் பொருந்தாது? மதுரை மாநகரில் எல்லாம் சரியாக இருக்கும்வரை, நாங்கள் எத்தனை மாதம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தாலும் அந்த விதி எங்களைத் தொடாது. அழைப்பு பாதியில் அறுபடுவது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரையறையும் எங்களுக்கு உதவாது. இணையவே இணையாத அழைப்பு, பாதியில் அறுபட்ட அழைப்பாகக் கணக்கில் வராது.

முன்பு ஒரு முறை, அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய் வரை இழப்பீடு என்று டிராய் கொண்டுவந்த விதியை உச்ச நீதிமன்றம் 2016 மே 11-இல் ரத்து செய்தது. தவறு யாருடையது என்று பாராமல் எல்லா அழைப்புக்கும் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது அந்த விதியின் குறை. நான் கேட்பது அதுவன்று. வாடிக்கையாளர் புகார் செய்த இடத்தில், அவரையும் உடன் வைத்துக்கொண்டு சிக்னல் அளவை அளந்து பார்க்கட்டும். நிறுவனத்தின் வரைபடம் காட்டும் சேவை அங்கே இல்லை என்று உறுதியானால், 15 நாட்களுக்குள் சரிசெய்யட்டும். முடியாவிட்டால், மீதி நாட்களுக்கான தொகையைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்து, விரும்பிய நிறுவனத்துக்கு மாற அவரை விடட்டும். அளந்து பார்த்துத் தவறு வாடிக்கையாளரின் கருவியில்தான் என்று தெரிந்தால் எவரும் ஒரு ரூபாயும் கேட்கப்போவதில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்திலும் மனு கொடுத்தோம். தொலைத்தொடர்பு ஒன்றிய அரசின் பொறுப்பு என்பதால் அங்கே நேரடித் தீர்வு கிடைக்காது என்பதை அறிந்தே கொடுத்தோம். அடுத்த கிராம சபையில் இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி டிராய்க்கு அனுப்பவும் ஊரார் முடிவு செய்திருக்கிறோம். மேலூர், பேரையூர், வாடிப்பட்டி வட்டங்களில் இதே நிலையில் உள்ள ஊர்களும் தங்கள் கிராம சபையில் இதை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மேல்முறையீட்டு அதிகாரிக்கு நான் அனுப்பிய மனுவுக்கு 39 நாட்கள் இந்த மாதக் கடைசியில் முடிகின்றன. பதில் திருப்தியாக இல்லையென்றால், புகாரின் பதிவு எண்கள், வரைபடத்தின் நகல், ரீசார்ஜ் ரசீது ஆகியவற்றோடு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
செக்கானூரணி வட்டாரம், மதுரை மாவட்டம்.