குளத்தை விட்டு ஆற்றுக்குப் போன வருசம்: நடைப்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற உறுப்பினர்களுக்கும், அரை மணி நேரம் கழித்து வந்து "இன்னும் கிளம்பலீங்களா?" என்று கேட்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

போன பொதுக்குழுவில் ஒரு அக்கா எழுந்து, "வருசம் பூரா குளத்தையே சுத்தறமே, ஆத்தை ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தமுங்களா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நம்ம கோவையில் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை வந்ததிலிருந்து நாம் அங்கேயே பழகிவிட்டோம். சமமான தரை, விளக்கு, உட்கார இடம், நடந்து முடித்தால் டீ. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளங்களை நிரப்பவென்று இருக்கிற நொய்யல் ஆறு பக்கத்திலேயே ஓட, அதைப் பாலத்தின் மேல் வண்டியில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பதோடு சரி. ஆகவே இந்த வருசம் தண்ணீர் வருகிற வழியிலேயே நடப்பது என்று செயற்குழு முடிவெடுத்தது.

முதல் நடை சித்திரைச்சாவடி அணைக்கட்டு. அணைக்கட்டு என்றதும் ஆழியாறு அணை மாதிரி எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு கட்டு, அவ்வளவுதான். தண்ணீரைத் தேக்கி வைப்பது அதன் வேலை இல்லை. வெள்ளியங்கிரி மலைப்பக்கமிருந்து வருகிற வெள்ளத்தைக் கொஞ்சம் ஏற்றி, பக்கத்து வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும், மிச்சம் தாண்டிப் போய்விடும். அந்த வாய்க்கால்தான் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று நமக்குத் தெரிந்த குளங்களுக்கெல்லாம் போகிறது. இன்னும் கீழே வேறொரு அணைக்கட்டு, அதிலிருந்து உக்கடத்துக்கு ஒரு வாய்க்கால், பெரியகுளம் நிரம்பினால் மிச்சம் வாலாங்குளத்துக்கு. மோட்டார் கிடையாது, பூமியின் சரிவு ஒன்றை வைத்தே செய்திருக்கிறார்கள். வாய்க்கால் மேலே எங்காவது அடைத்துக்கொண்டால் கீழே குளத்துக்குச் சாக்கடை மட்டும்தான் வந்து சேரும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் கண்ணால் பார்த்தே புரிந்தது. வாய்க்கால் ஓரமாக ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஏனுங்க செயலாளரே, நடக்க வந்தமா, வாய்க்கா வார வந்தமா?" என்று கேட்ட அண்ணன்தான் கடைசிவரைக்கும் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பேரூரில் படித்துறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண்களைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும் என்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். சுந்தரர் வருகிறார் என்று தெரிந்து சிவன் நாற்று நடப்போய் ஒளிந்துகொண்டார் என்கிறது தலக்கதை, அதற்காகவே ஆனியில் நாற்று நடவு விழா. ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைந்த ஊரில்தானே இப்படி ஒரு கதை பிறக்கும்.

பேரூரிலிருந்து கோவைக்குள் வருகிற பகுதிதான் தலைவலி. தொடர்ச்சியாகக் கரையோரம் நடக்கவே முடியவில்லை. கொஞ்ச தூரம் பாதை, அப்புறம் சீமைக்கருவேலம், அப்புறம் கட்டடக் கழிவு, அப்புறம் யாரோ கட்டின சுவர். ஏறி இறங்கி ரோட்டுக்கு வந்து மறுபடி உள்ளே போய், மூத்த உறுப்பினர்கள் பாதியில் பஸ் ஏறிவிட்டார்கள். கரையில் மண் பாதையாவது ஒதுக்கித் தரச் சொல்லி மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டு முத்திரை போட்டுத் தந்தார்கள், பதில் இன்னும் வரவில்லை. என்னைக் கேட்டால் டைல்ஸும் செல்ஃபி மேடையும் வேண்டாம், முள்ளை வெட்டிக் கழிவை அள்ளினாலே போதும்.

இதற்குச் சாட்சி சிங்காநல்லூர் குளம். 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்த இடம். மரநிழலில் மண் கரையில் நடக்கலாம், முழங்காலுக்கும் இதம். கூழைக்கடாவும் நீர்க்காகமும் பார்த்தோம். நாமக்கோழியை வாத்து என்று ஒருவர் சாதித்தார், இன்னும் சாதித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளலூர்க் குளக்கரைக்கும் போனோம். ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்த ஊர் அது என்று சொன்னதும் குழந்தைகள் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்கள்.

வேன் எடுத்துக் கொடுமணல் போய்வந்ததையும் சொல்ல வேண்டும். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிற ஊர், கல்மணி செய்ததற்கும் இரும்பு உருக்கியதற்கும் அகழாய்வில் தடயம் கிடைத்த ஊர், அதுவும் இதே நொய்யல் கரைதான். இறங்கிப் பார்த்தால் வெறும் மேய்ச்சல் காடு மாதிரி இருக்கிறது. வழியில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டினார்கள், சாயக்கழிவு தேங்கியதில் கீழே இருக்கிற விவசாயிகளே தண்ணீர் திறக்க வேண்டாம் என்று போராட வேண்டியதாயிற்று. அங்கே யாரும் போட்டோ எடுக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வேன் வாடகையில் பாக்கி வைத்திருப்பவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும். அடுத்த வருசம் நொய்யல் காவிரியில் சேரும் இடம் வரைக்கும் போவதென்றும், மழைக்கு முன்னால் வாய்க்காலை ஒருமுறை பார்த்துவருவதென்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. குளத்தைச் சுற்றும் தினசரி நடை வழக்கம்போல நடக்கும், பயப்பட வேண்டாம். அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்