நன்றி வரியில் நின்ற பெயர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதி.

இரண்டு மாதமாக எனக்கு ஒரே வேலை. எங்கள் பல்கலைக்கழகம் எந்தெந்த நாட்டோடு எவ்வளவு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறது என்று கணக்கெடுத்துத் தரச் சொன்னார்கள். ஒரு கட்டுரையில் இரு நாட்டுக்காரர் பெயரும் இருந்தால் ஒன்று என்று எண்ணினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் இடித்தது ஹிக்ஸ் என்ற, அணுவைவிடச் சிறிய துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரை. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்னில் இயங்கும் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் சேர்ந்து எழுதியது. மொத்தம் 33 பக்கம்; அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். 5,154 பேர்! ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்களும் கணக்கில் கூட்டாளிகள். அந்த ஒரு கட்டுரையை எல்லோருக்கும் பங்கு பிரித்தால் ஆளுக்கு 5,154-இல் ஒன்று. பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் நெதர்லாந்தின் லைடன் தரவரிசையில் மற்றவற்றுக்குப் பங்கு பிரித்தாலும், கூட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒன்று என்றுதான் எண்ணுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது.

அப்புறம் சின்ன நாடு, பெரிய நாடு விஷயம். ஒன்று 100 கட்டுரை எழுதுகிறது, இன்னொன்று 10,000, சேர்ந்து எழுதியது 50 என்று வைத்துக்கொள். சின்ன நாட்டுக்கு அது பாதி உழைப்பு. பெரிய நாட்டுக்கு நூற்றில் அரை. இரு நாட்டின் கூட்டு எவ்வளவு நெருக்கம் என்று ஒரே எண்ணில் சொல்ல சால்டன் அளவு என்று ஒன்று உண்டு: 100-ஐயும் 10,000-ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 50-ஐ அதால் வகுக்க வேண்டும். 0.05 வருகிறது, இருவருக்கும் பொதுவாக. அந்தப் பாதி உழைப்பு அதில் கண்ணிலேயே படவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு பங்கையும் தனித்தனியாகவே எழுதினேன்.

ஆனால் தூங்கவிடாதது உன் நினைவுதான். மூன்று மழைக்காலம் வயலில் நின்று மண் எடுத்து அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினாய். கட்டுரையில் உன் பெயர் நன்றி வரியோடு சரி. என் அட்டவணையில் நீ இல்லவே இல்லை. பெயர் சேர்ந்து வருவது கூட்டு உழைப்பின் ஒரு பகுதியைத்தான் காட்டும் என்று காட்ஸ், மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-லேயே எழுதிவிட்டார்கள். இன்னும் பெயரைத்தானே எண்ணுகிறோம்!

நன்றிப் பகுதிகளையும் படித்துத் தனிப் பட்டியல் போட அனுமதி கேட்டிருக்கிறேன். உன் பழைய நோட்டுகள் இருக்கின்றனவா? எந்தத் தேதியில், எத்தனை மாதிரி அனுப்பினாய் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்